இடிகம்பியில் ஒரு கோடு

6.3.2001, செவ்வாய்

கன்னிவாடி மகா சமஸ்தானத்தின் பீரங்கிப் படைத் தளபதி, ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்றுக்கும் ஒன்றரை ஏக்கர் சூரியகாந்திக்கும் ஏகபோக அதிபதி, பாஸ்கலாகிய நான் இன்று திண்டுக்கல் மீது படையெடுத்தேன். ரதம்: டவுன் பஸ். நோக்கம்: வெடிமருந்து.

லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அப்துல் சுக்கூர் பாய், "என்ன வேலைக்கு?" என்றார். கிளி விரட்ட, ரவை போட்டுப் பன்றியை மிரட்ட, கோயில் திருநாளுக்கு வேட்டுப் போட. மூன்றுக்கும் ஒரே மருந்து வேண்டும் என்றேன். தளபதிக்கு மூன்று டப்பா தூக்க முடியாது.

"ஒண்ணே போதும்னா பருமருந்து வாங்கு பாஸ்கலு. நிதானமா எரியும். கை முன்னப்பின்ன ஆனாலும் பொறுத்துக்கும். சன்ன மருந்து சட்டுனு பிடிக்கும், சத்தம் ஜாஸ்தி. ஆனா தப்புன்னா தாங்காது."

"நம்ம கையில தப்பா? பாய், சிறுமலைல நான் வேட்டுப் போட்டா கொடைக்கானல்ல கோழி முட்டை பொரிக்கும்!"

"அப்ப சன்னத்தையே எடு. கேக்கவா போற?"

எடுத்தேன். சத்தம் இல்லாத பாஸ்கல் எதற்கு?

எண்பத்தேழிலும் சன்ன மருந்துதான். இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

13.3.2001

கிளிகள் வந்துவிட்டன. நாலு லட்சம். புஷ்பமேரி நாற்பது என்கிறாள். என் மனைவிக்குக் கணக்கில் கற்பனை குறைவு.

21.3.2001, புதன்

காலையில் துப்பாக்கியில் மருந்து இடித்து வைத்தேன். கிளிகள் தாமாகவே வேடசந்தூர் திசையில் ராஜினாமா செய்து போயின. அப்புறம் பக்கத்துத் தோட்டத்து மொக்கைச்சாமி வந்தார். என் தாத்தா ஒரே குண்டில் மூன்று பன்றியையும் குறுக்கே வந்த ஜீப்பின் டயரையும் சாய்த்த சரித்திரத்தை மறுபடி எடுத்துரைத்தேன். போன முறை இரண்டு பன்றிதான் என்று ஞாபகப்படுத்தினார். ஒரு பன்றி பின்னால் வந்து சேர்ந்தது என்றேன்.

பேச்சுக்கு நடுவே தலையாரி வந்துவிட்டார். தேர்தலாம். லைசென்ஸ் துப்பாக்கி எல்லாம் இன்றே ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம். அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போனேன். ஏட்டு மூக்கையா நோட்டை நீட்டினார்.

"காலிதானய்யா?"

"என் சட்டைப் பை மாதிரி, ஏட்டய்யா."

'மருந்து நிரப்பப்படாதது' என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே ராஜ முத்திரை போலக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

22.3.2001

குழலுக்குள் மருந்து இடிக்கும் இடிகம்பி வீட்டுச் சுவர் மூலையில் நிற்கிறது. அதைத் தோட்டத்துக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன். புஷ்பமேரி எடுத்து வந்து வைத்திருக்கிறாள்.

காலையில் இடித்ததைச் சுட்டேனா?

24.3.2001, சனி

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். கம்பியில் ஒரு கோடு வெட்டியிருக்கிறது. காலிக் குழலில் கம்பியை இறக்கினால் கோடு குழல் வாயோடு சரியாக நிற்கும். ஒரு முறை மருந்தும் தேங்காய் நாரும் ரவையும் இடித்திருந்தால் கோடு நான்கு விரல் மேலே நிற்கும். கம்பி இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கம்பி இங்கே. குழல் அங்கே.

காலையில் இடித்தது உறுதி. மொக்கைச்சாமியிடம் பேசிக்கொண்டே மறுபடி கம்பியைக் கையில் பிடித்திருந்ததும் உறுதி. நடுவில் 'டமார்' என்று ஒரு சத்தம் காதில் இருக்கிறது. அது துப்பாக்கி போட்டதா, ஜீப் டயர் வெடித்த கட்டத்தில் என் வாய் போட்டதா?

மொக்கைச்சாமியைக் கேட்டேன். "நீ சொல்றப்ப எப்பவும் டமார் டமார்னுதானப்பா இருக்கும்" என்றார்.

விசை இழுத்தால் தட்டும் குதிரைக்கு அடியில், பொறி வைக்கும் கேப்பு மாட்டியிருந்தேனா? அந்தச் சின்னக் கேப்பில் தட்டு விழுந்தால் போதும், வெடித்துவிடும்.

1.4.2001

முட்டாள்கள் தினம். வாழ்த்த யாரும் வரவில்லை.

15.4.2001, உயிர்ப்பு ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சரவெடி. நான் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பீரங்கித் தளபதி சரவெடிக்குப் பயந்தானாம்.

மரியராஜ் மச்சான் சிரிக்கவில்லை. அக்காவின் கணவர். ஒரு காலத்தில் பழனி ரூட்டில் அவர் பஸ் ஓட்டினால் நான் டிக்கெட் எடுத்ததில்லை. இப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வலது கண் இல்லாதவருக்கு யார் பஸ் கொடுப்பார்கள்? பழைய முதலாளி இரக்கப்பட்டு ஒரு நாற்காலி கொடுத்தார்.

"என்ன மாப்ள, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"வெயிலு மச்சான்."

பிறகு சாப்பாட்டுப் பந்தியில் யாரோ கேட்டார்கள் என்று, அந்தக் கதையைச் சொன்னேன். பதினாலு வருஷமாகச் சொல்லும் கதை. எண்பத்தேழில் துருப்பிடித்த குழல் மச்சான் கையில் வெடித்தது, அந்தச் சத்தத்தில் கன்னிவாடியில் இருபது பசு சினைப்பட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் வழக்கம்போல் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு அந்தக் கண்ணிலும் தண்ணீர் வரும்.

இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

16.4.2001

இதுவரை எந்தக் காகிதத்திலும் எழுதாதது.

குழலில் துரு இல்லை. நான்தான் மருந்து இடித்துக் கொடுத்தேன், பேசிக்கொண்டே. இரண்டு முறை இடித்திருக்கிறேன், சன்ன மருந்து. கோடு எட்டு விரல் மேலே நின்றது. அதைப் பார்த்தேன். பார்க்காமல் இல்லை, பார்த்தேன். கதையில் ருசியான இடம் வந்துகொண்டிருந்தது. முடித்துவிட்டு யோசிக்கலாம் என்று துப்பாக்கியை மச்சான் கையில் கொடுத்தேன்.

முடிப்பதற்குள் அவர் சுட்டுவிட்டார்.

25.4.2001, புதன்

ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தேன். எட்டுத் துப்பாக்கியைக் கயிறு கோத்து மூலையில் சாத்தியிருக்கிறார்கள். மூன்றாவது என்னுடையது. பக்கத்தில்தான் மூக்கையா உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

"நாளன்னைக்கு எல்லாத்தையும் வேன்ல போட்டு திண்டுக்கல் கொண்டு போறோம். இங்க இடமில்ல. ஏன்யா, உன் சொத்தப் பாக்க வந்தியா?"

"ஆமா ஏட்டய்யா, சாப்டுச்சானு பாக்க வந்தேன்."

வேனில் போடுவார்கள். வைக்க மாட்டார்கள், போடுவார்கள். விறகு மாதிரி.

சொல்ல வாய் வரவில்லை. எனக்கு! வாய் வரவில்லை! சொன்னால் லைசென்ஸ் போகும், போகட்டும். 'இடிச்சோமா இல்லையான்னு கூடவாடா தெரியாது?' என்று ஊர் கேட்கும். ஊர் கேட்பதை மச்சான் கேட்பார். கேட்டால் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

அதற்காக மூக்கையா சாகலாமா?

26.4.2001, வியாழன்

கம்பியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் திண்டுக்கல் போனேன். மச்சான் வத்தலக்குண்டு வண்டிக்கு விசில் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். முதலில் ஸ்டேஷன் விஷயம். அப்புறம் எண்பத்தேழு. ஒரு சொல் கூட்டவில்லை. அவ்வளவு சின்னக் கதையா அது? நாலே வரி.

இரண்டு பஸ் அவர் விசில் இல்லாமலே கிளம்பிப் போயின.

"கோட்டப் பாத்தியா?"

"பாத்தேன் மச்சான்."

"பாத்துட்டுத்தான் குடுத்தியா?"

தலையாட்டினேன்.

நோட்டைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "கம்பிய எடு" என்றார். கன்னிவாடி வரும்வரை வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டேஷனில் மூக்கையா கத்தியதை எழுதினால் இந்த நோட்டு தாங்காது. "யோவ், ஒரு மாசமா இது பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்கேன்! எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைகய்யா!" குதிரையைத் தூக்கிப் பார்த்தோம். கேப்பு இருந்தது. அதைக் கழற்றியதும் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் கம்பியை வாங்கக் கை நீட்டினேன். மச்சான் தரவில்லை. அவரே குழலுக்குள் இறக்கினார்.

கோடு மேலே நின்றது.

மச்சான் குழல் வாயில் கையை வைத்து விரலால் அளந்தார். நாலு. கையை மேலே நகர்த்தி வைத்தார். மறுபடி நாலு.

"எட்டு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

குழலில் தண்ணீர் ஊற்றினார்கள். கறுப்பாக வழிந்தது. நான் விளக்கக் கடிதம் எழுதும்போது திரும்பிப் பார்த்தேன். மச்சான் போயிருந்தார்.

10.5.2001

ஓட்டுப் போட்டேன். விரலில் மை. விரலைப் பார்த்தால் எண்ணத் தோன்றுகிறது.

2.6.2001

லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்தம். துப்பாக்கி அவர்களிடமே இருக்கும். ஊரில் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். துரு இல்லை என்பதையும் சேர்த்து. ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா வீட்டிலிருந்து ஆள் வருவதில்லை.

19.8.2001

பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். மச்சான் பழனி வண்டிக்கு விசில் கொடுத்தார். கண் இல்லாத பக்கமாக நான் நின்றிருந்தேன். பார்க்கவில்லை. அந்தப் பக்கம் என்பதாலா?

25.12.2001

அக்கா மட்டும் கேக் கொடுத்துவிட்டுப் போனாள்.

5.2.2002, செவ்வாய்

துப்பாக்கி வந்துவிட்டது. சூரியகாந்தி மறுபடி பூத்திருக்கிறது. சுக்கூர் பாய் கடையில் நின்றேன். இரண்டு டப்பாவையும் எடுத்து முன்னால் வைத்தார். எதையும் தொடாமல் நின்றேன். துப்பாக்கியை விற்றுவிடலாமா என்று கேட்க வாயெடுத்தபோது பின்னால் குரல்.

"பருமருந்தக் குடுங்க பாய்."

மச்சான். கழுத்தில் விசில் தொங்கியது. பஸ் ஸ்டாண்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அக்கா சொல்லித்தான் நான் வருவது தெரிந்திருக்கும்.

"மூணு வேலைக்கும் அதுவா?" என்றார் பாய்.

"அது போதும். இவன் கைக்கு அதுதான்."

என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

10.2.2002, ஞாயிறு

பூசை முடிந்து மச்சான் தோட்டத்துக்கு வந்தார், கூப்பிடாமல். நான் துப்பாக்கியை எடுத்ததும் முதலில் கம்பியை வாங்கி இறக்கிப் பார்த்தார். கோடு வாயோடு நின்றது. கம்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

"முடியிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது மாப்ள."

மாப்ள என்றார்.

மருந்து கொட்டினேன். நார். ரவை. இடித்தேன். மொக்கைச்சாமி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னப்பா, சத்தத்தையே காணோம்?" என்று கூப்பிட்டார். பதில் சொல்லவில்லை. மச்சான் குனிந்து நல்ல கண்ணால் கோட்டைப் பார்த்தார். நான்கு விரல் வைத்தார். தலையாட்டினார். எண்பத்தேழில் நின்ற அதே இடத்தில், என் வலப்பக்கம் நின்றுகொண்டார். தள்ளிப் போங்கள் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லக் கூடாதே.

வானத்தைப் பார்த்துச் சுட்டேன். பருமருந்துக்குச் சத்தம் கொஞ்சம் குறைவுதான். கிளிகள் எழுந்து போயின.

"எத்தனைப்பா?" என்றார் மொக்கைச்சாமி.

"இருபத்திரண்டு" என்றேன். எண்ணினேன்.

"இருபத்திமூணு" என்றார் மச்சான்.

இருபத்து மூன்று. திருத்திக்கொள்கிறேன்.