ஜெனரேட்டர் மூலையில் எட்டு நொடி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று முப்பத்தெட்டு அழைப்புகள். பதினொன்று "தண்ணி சொட்டுது", ஆறு "சிவப்பு விளக்கு எரியுது", ஒன்று சும்மா பேச. வீட்டிலிருந்தே வேலை என்றதும் எல்லோரும் என்னைக் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். காதில் ஹெட்செட், முதுகுக்குப் பின்னால் மாமாவின் கட்டில். கழுத்தைத் திருப்பினால் மாமனார். நேரே பார்த்தால் யாரோ ஒருவருடைய வாட்டர் ஃபில்டர் புகார்.

சாயங்காலம் என் பள்ளித்தோழி புயல் வந்தாள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயங்களில் தவறாமல் கடைசியாக வருவாள், அதனால் அந்தப் பெயர். பல் டாக்டரிடம் உதவியாளர். ஊராரை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவள், தன் வாயை மூடுவதில்லை.

"நவம்பர் ரெண்டாம் தேதி அரை மாரத்தான். ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்."

"எவ்வளவு தூரம்டி?"

"இருபத்தோரு கிலோமீட்டர். மேல கொஞ்சம் சில்லறை."

நான் கடைசியாகத் தெருமுனையைத் தாண்டியது எப்போது என்று அவளையே கேட்டேன். அவளுக்கும் ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 13

முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

சொல்லவில்லை. சொல்ல விட்டால்தானே! கைக்குழந்தை அழுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்க ஒரு கருவி உண்டே, அதைத் தன் தங்கை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்று மாமாவின் தலைமாட்டில். அதன் ஜோடி, ஒலிபெருக்கி வைத்தது, என் கையில்.

"அவர் தும்மினாக்கூட உனக்குக் கேக்கும். கீழ கார் நிறுத்துற இடத்துல ஓடு. இனிமே சாக்கு சொல்லாத."

"எங்கம்மா போற?" என்றார் மாமா.

"கீழதான் மாமா."

"சீக்கிரம் வந்துடு" என்று செய்தி பார்க்க ஆரம்பித்தார். அரை மணிக்கு முன் பார்த்த அதே செய்திதான், அவருக்குப் புதிது. மூன்று வருஷமாக மறதி.

கார் நிறுத்தும் இடம் ஒரு சுற்று நூற்றைம்பது மீட்டர் என்றார் வாட்ச்மேன். நாலு சுற்றில் நாக்கு தள்ளிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் திரும்பும்போது கருவியில் மாமாவின் சத்தம் நின்றுபோகிறது. வெறும் இரைச்சல். எண்ணிப் பார்த்தேன், எட்டு நொடி.

போன வருஷம் அவர் குளியலறையில் விழுந்தபோது நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தே நிமிஷம். இடுப்பெலும்பு. கப்பலில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போனில் கேட்ட முதல் கேள்வி, "நீ எங்க இருந்த?"

அந்த மூலையில் மட்டும் குதிகால் பிடரியில் பட ஓடுகிறேன்.

செப்டம்பர் 6, சனி

முப்பது சுற்று. வாட்ச்மேன் கேட்கிறார், "ஏம்மா, செக்குமாடு சுத்துனா எண்ணெயாவது வரும். நீங்க எதுக்குச் சுத்துறீங்க?"

நன்றாகச் சிரித்தேன். மேலே வந்து குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நாத்தனாருக்குப் போன் செய்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையிலிருந்து மதியம் வரை அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"அன்னிக்கு முடியாது அண்ணி."

"என்ன வேலை?"

"முடியாதுன்னா விடுங்களேன்." வைத்துவிட்டாள்.

என்னத்தப் பெரிசா கேட்டுட்டேன்? பெத்த அப்பாதானே? எட்டு மணி நேரம்! மூணு வருஷமா நான் எவகிட்டயாவது வாயத் திறந்தேனா? அவருக்குச் சோறு ஊட்ட நான், ராத்திரி எழுந்து பார்க்க நான், விழுந்தா "எங்க இருந்த"ன்னு கேள்வி கேக்கவும் நான்தான் கிடைச்சேன்—

போதும். பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

நூறு சுற்று. எப்போதும் இடப்பக்கமே திரும்பித் திரும்பி இடது முட்டி வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்துக்கொண்டே புயலிடம் சொன்னேன், நான் வரவில்லை, நீ போய் ஓடு, மாமாவை விட்டுவிட்டு முடியாது.

"மாமாவுக்காக வரலியா, பயத்துக்காக வரலியா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது.

"நீ வராட்டி நானும் ஓடல. அவ்வளவுதான்."

இது இன்னொரு கயிறு. அன்பாகக் கட்டினாலும் கயிறு கயிறுதான். வீட்டில் ஒன்று, வேலையில் ஒன்று, இப்போது இவள் வேறு.

அக்டோபர் 19, ஞாயிறு

நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். மாமாவின் குரல் கேட்டது: "யாரும்மா நீங்க? உக்காருங்க. என் மருமக இப்ப வந்துடுவா."

எட்டிப் பார்த்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர் பெயரெல்லாம் மாமாவுக்குச் சில நாள் ஞாபகம் வரும். இவள் பெயர் வந்து நான் பார்த்ததில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள், "எப்ப வந்தாலும் என்னை விருந்தாளி மாதிரி உக்கார வெக்கிறார் அண்ணி. அதான் வர்றதில்ல."

மூன்று வருஷமாக மனசுக்குள் இவளைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். படியில் பாதி இறங்கியவள் திரும்பிப் பார்த்து, "ரெண்டாம் தேதி வர்றேன். விருந்தாளியாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

நவம்பர் 1, சனி

அவளுக்குக் குறிப்பு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மாத்திரை எது எப்போது. ஊன்றுகோலை எங்கே வைப்பார். குளியலறைக்குத் தனியாக விடாதே. என்னைக் கேட்டால், "கீழதான் போயிருக்காங்க" என்று சொல்.

இரண்டு பக்கம் ஆகிவிட்டது. அடித்து அடித்து ஒரு பக்கமாக்கினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

நாலு மணிக்கே மாமா விழித்துக்கொண்டார். "எங்கம்மா?"

"கீழதான் மாமா." நாத்தனார் முகத்தை நான் பார்க்கவில்லை.

கூட்டத்தில் நின்றபோதுதான் புயல் என் கையைப் பார்த்தாள். கருவி! எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை. ஓடக் கிளம்பினால் கை தானாக எடுக்கிறது.

"அடிப்பாவி! உங்க அபார்ட்மென்ட் வாசலைத் தாண்டினாலே அதுல ஒண்ணும் கேக்காது. இங்க வந்து என்னத்தக் கேப்ப?"

இரைந்துகொண்டிருந்தது. அணைக்கத் தெரியாமல் இல்லை. அணைக்க முடியவில்லை. அணைத்தால் அங்கே எதுவோ நடந்துவிடும் என்று இருந்தது.

ஓட ஆரம்பித்தோம். நேரான சாலை, திருப்பமே இல்லை. என் உடம்பு திருப்பத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. இன்னொரு கூத்தும் நடந்தது. இரைச்சல் கேட்டால் வேகமாக ஓட வேண்டும் என்று என் காலுக்குப் பழக்கம். இரைச்சலோ நிற்கவே இல்லை. ஊர் முழுக்க ஜெனரேட்டர் மூலை! மிரண்ட மாடு மாதிரி ஓடியிருக்கிறேன். ஏழாவது கிலோமீட்டரில் கண் இருட்டியது. நடைபாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். புயல் நெடுநேரம் கழித்து வந்து சேர்ந்தாள்.

கருவியைப் பிடுங்குவாள் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. தன் போனை நீட்டினாள்.

நாத்தனார் எடுத்தாள். "சாப்பிட்டார். என்னை உக்காரச் சொன்னார், உக்காந்திருக்கேன். ஓடுங்க அண்ணி."

"நீயே அணை" என்றாள் புயல்.

அணைத்தேன். எத்தனை அமைதி. பயமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதுகொண்டே எழுந்தேன். மிச்சத்தைப் பாதி ஓடி, பாதி நடந்து, மூன்று மணி பதினெட்டு நிமிஷத்தில் இரண்டு பேரும் கை கோத்து முடித்தோம். எங்களுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்தான் வந்தது.

வீட்டில் மாமா, "கீழ இவ்வளவு நேரமா?" என்றார்.

"கொஞ்சம் தூரமாப் போயிட்டேன் மாமா."

நவம்பர் 3, திங்கள்

நாற்பத்தோரு அழைப்புகள். நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. பின்னால் அதே கட்டில், அதே செய்தி. பதக்கத்தை ஆணியில் மாட்டினேன். பிறகு கழற்றி அலமாரியில் வைத்தேன். என்ன மாறிவிட்டது? ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

நவம்பர் 9, ஞாயிறு

ஆறரைக்கு அழைப்பு மணி. நாத்தனார். "போங்க" என்றாள், கைப்பையைக் கழற்றாமலே.

நவம்பர் 23, ஞாயிறு

நேர் சாலை. எனக்குப் பின்னால் எங்கேயோ புயல். போன் அடித்தது. நாத்தனார். அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஓட்டத்தை நிறுத்தினேன். "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. அவர் செய்தி பாக்கறார். நான் கருவிய எடுத்துக்கிட்டுக் கீழ வந்தேன், சும்மா நடக்கலாம்னு. இந்த ஜெனரேட்டர்கிட்ட வந்தா அப்பா சத்தம் கேக்கவே மாட்டேங்குது. நீங்க இங்க என்ன பண்ணுவீங்க?"

"எட்டு நொடிதான். ஓடிடு."

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் செருப்பு தடதடவென்று கேட்டது, பின்னால் இரைச்சல். நடுச்சாலையில் நின்று நானும் எண்ணினேன்.

ஆறிலேயே மாமாவின் இருமல் கேட்டது. என்னைவிட வேகம்.