கறுப்புக் குடையின் கடைசி இதழ்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இத்தனை வருஷம் கழித்து என்ன திடீரென்று கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே. போன் பண்ணினால், "வேலையில இருக்கேன் அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, என்றைக்காவது பிரித்துத்தான் ஆகவேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும். அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பாதி வீட்டில் குடியிருந்த தையல்காரர் குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது. சாவியை என்னிடம்தான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பிடித்த மழையில் உன் பக்கத்துக் குளியலறைக் கூரை ஒழுகி, ஈரம் நடுச்சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கிவிட்டது. ஹாலை இரண்டாக்க அண்ணனும் தம்பியும் செங்கல் வைத்துக் கட்டினீர்களே, அந்தச் சுவர்தான். ஈரத்துக்குப் பாகப்பிரிவினை தெரியவில்லை. பிளம்பரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் குளியலறைப் பரணில் ஏறிப் பார்த்துவிட்டு, மேலே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அடியெல்லாம் நனைந்திருக்கிறது என்று இறக்கிக் கொடுத்தார். பூட்டு துருப்பிடித்துப் போய், தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

உள்ளே உன் 'கறுப்புக் குடை' காமிக்ஸ் இதழ்கள். ஒற்றைப்படை எண்கள் மட்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் அப்பா போன பிறகு கட்டில், பாத்திரம், மின்விசிறி எல்லாம் பிரித்த அன்றைக்கு, சின்ன வயதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து சேர்த்த அந்தக் காமிக்ஸையும் தரையில் பரப்பி உட்கார்ந்தீர்கள். உன் அண்ணன் தன் கணக்கு வாத்தியார் மூளையை அங்கேயும் காட்டினார். இரட்டைப்படை இதழ் அவருக்கு, ஒற்றைப்படை உனக்கு, யாருக்கும் ஒன்று கூடக் குறையக் கூடாது என்றார். நீயும் மூச்சு விடாமல் தலையாட்டினாய். தொடர்கதையை யாராவது அப்படிப் பிரிப்பார்களா? இரண்டு பேரில் ஒருவராலும் ஒரு கதையைக்கூட முழுசாகப் படிக்க முடியாதபடி நியாயமாகப் பிரித்துக்கொண்டீர்கள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே வாயைத் திறந்து இரண்டு பேரையும் திட்டியிருக்கவேண்டும்.

நீ அதையெல்லாம் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினாய் என்று உன் அண்ணன் இத்தனை நாளும் சொல்லிச் சொல்லிக் கரித்துக்கொட்டினார். அது ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அவர் தலைமாட்டுக்கு நேரே இருந்திருக்கிறது.

இப்போது அவர் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. சுகர் முதலில் கண்ணில் கை வைத்தது. வெளிச்சம் எது, நிழல் எது என்பதற்கு மேல் இப்போது ஒன்றும் தெரியாது. அடுத்து கிட்னி. வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் வந்தார். அப்புறம் ஒரு காலையில் சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்துவிட்டார். பாடம் நடத்த முடியாது, படிக்க முடியாது, பெண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியாது, எதற்காக இழுத்துக்கொண்டு கிடக்கவேண்டும் என்று கேட்டார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு வேளை பட்டினி கிடந்தேன். மனிதர் அசையவில்லை. கால் வீங்க ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் உன் பெட்டி வந்தது. ஒரு இதழை எடுத்து அவர் கையில் வைத்தேன். மோந்து பார்த்தார். நடுவில் கம்பிப் பின் குத்திய இடத்தை விரலால் தடவினார். என்ன நம்பர் என்று கேட்டார். ஏழு என்றேன்.

"அப்போ அவன் விக்கலையா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு அவராகவே வாசலில் நின்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். மெஷினில் படுத்திருக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் இதழிலிருந்து படிக்கவேண்டும். ஒரு தடவைக்கு ஒரு இதழ். சரி என்றேன். அவர் கேட்டிருந்தால் நான் அந்த வார்டில் ஆடிக்கூடக் காட்டியிருப்பேன்.

நனைந்த இதழ்களைப் பற்றிக் கவலைப்படாதே. கடைத்தெருவில் இருக்கும் பைண்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். வெயிலில் போடாதீங்க, ஒட்டியிருக்கிற பக்கத்தைப் பிய்க்காதீங்க, செல்லோடேப் பக்கமே போகாதீங்க என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வெள்ளைத் தாளை நடுவில் நடுவில் வைத்து, ஹால் முழுக்கப் பரப்பி, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு உலர்த்துகிறேன். பூச்சி அரித்தவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார், பூச்சியும் முட்டையும் செத்துவிடுமாம். ஐஸ் எடுக்க வந்த எதிர்வீட்டுப் பெண் ஃப்ரீசரைத் திறந்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நீ வேலை பார்ப்பதும் குளிர்க் கிடங்கில்தானே, உனக்கு இது சிரிப்பாக இருக்காது. துருப்பிடித்த பின்னை எல்லாம் எடுத்துவிட்டு நூலால் தைக்கிறோம். ஊசி கோர்ப்பது நான், தைப்பது அவர். கண் இல்லாமல் என்னைவிட நேராகத் தைக்கிறார்.

அடியில் இருந்த சில இதழ்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அவற்றைக் காப்பாற்ற முடியாது என்று பைண்டர் சொல்லிவிட்டார். அதை உன் அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவதும் அவருக்குத் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அண்ணி


அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. விலாசம் மாறியிருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி எழுதுகிறேன்.

உன் இதழும் அவர் இதழும் இப்போது ஒரே அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. நல்ல நிலையில் இருப்பது, பூச்சி அரித்தது, தண்ணீர் குடித்தது என்று உடம்பு வெவ்வேறாக இருந்தாலும் எண் சரியாக வருகிறது. கட்டியாகிப் போனவற்றின் இடத்தில் வெறும் அட்டையைச் செருகிவைத்திருக்கிறேன். அந்த இதழ்கள் வரும்போது பக்கத்தைப் புரட்டுவதுபோலச் சத்தம் செய்து, கதாநாயகன் குடைக்காரரைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்வேன். குடைக்காரர் அந்த இதழில் துறைமுகத்துக்கே போகவில்லையே என்பார். எனக்கு மாட்டிக்கொண்ட திருடி மாதிரி வியர்க்கும். அவருக்கு விஷயம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் படிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அதைத் தாராளமாகச் சொல்கிறார். ஒரு ஆள் நிற்கிறான் என்று படத்தைச் சொன்னால், எப்படி நிற்கிறான் என்று கேட்கிறார். காலால்தான் என்றேன். வார்டே சிரித்தது. நீ எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில் உன் அண்ணன்தான் உனக்குப் படித்துக் காட்டுவாராமே. வில்லனுக்கு ஒரு குரல், கிழவனுக்கு ஒரு குரல், குடை விரியும்போது ஒரு சத்தம். நீ அவர் வயிற்றின்மேல் தலையை வைத்துக்கொண்டு கேட்பாயாம். அந்தச் சத்தத்தை எனக்குச் செய்து காட்டினார். முடிந்ததும் மூச்சு வாங்கியது.

பக்கத்துப் படுக்கையில் பஸ் கண்டக்டர் ஒருவர் படுத்திருப்பார். எங்களுக்குப் பழக்கமே அங்கேதான். முதலில் சத்தம் போடாதீங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், நாலைந்து இதழ் போனதும் நர்ஸிடம் சொல்லித் தன் கட்டிலை எங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டார். மழையே பெய்யாத ஊரில் இந்த ஆள் எதுக்குக் குடையோடு அலைகிறான் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அது கடைசியில்தான் தெரியும் என்பார் உன் அண்ணன். இரண்டு பேரும் மெஷினுக்கு வரும் நாளை விசேஷத்துக்குக் கிளம்புவதுபோல எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

போன வாரம் போனபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வழக்கம்போலப் புத்தகத்தைப் பிரித்தேன். உன் அண்ணன் கையை நீட்டி அந்தப் பக்கத்துக் கட்டிலின் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். இன்றைக்குப் படிக்கவேண்டாம் என்றார். அன்று முழுக்க மெஷின் ஓடும் சத்தம் மட்டும்தான்.

இன்னொரு விஷயம். அலமாரியில் இனிப் படிக்க மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான். கடைசி இதழ் இல்லை. பெட்டியைக் கவிழ்த்து, பரணைத் துடைத்து, எல்லாம் பார்த்துவிட்டேன். அது ஒற்றைப்படை, அதனால் உன்னுடையது. சின்ன வயதில் உங்கள் ஊர்க் கடைக்கு வராமலே போன இதழ் அது, இல்லையா? பெரியவனான பிறகு நீதான் எங்கேயோ பழைய புத்தகக் கடையில் தோண்டி எடுத்து வந்தாய். உடனே படிக்கக் கூடாது, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்துவிட்டு, இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அதைத் திறக்கவேண்டும் என்று பேசி வைத்திருந்தீர்களாம். அதற்குள் அப்பா போனார், வீடு பிரிந்தது. பிரித்த அன்று அவர் கேட்கவில்லை, நீயும் கொடுக்கவில்லை. எனக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரியும்.

அதற்கு முந்தின இதழ் அவருடையது, மனப்பாடமாகச் சொல்கிறார். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் குடைக்காரர் அடிபட்டுக் கிடக்கிறார். விளக்கு அணைந்துவிட்டது. கீழேயிருந்து யாரோ படியேறி வரும் சத்தம். வருவது யார் என்று காட்டாமல் முடித்துவிட்டார்களாம்.

கடைசி இதழை நீ கையோடு எடுத்துப் போயிருப்பாய் என்று சொன்னபோது அவர் சிரித்தார், தம்பி. நல்ல சிரிப்பு. அப்புறம், முடிவு என்னவென்று மட்டும் அவனை ஒரு வரி எழுதச் சொல்லு, அது போதும், எனக்கும் அசதியாக இருக்கிறது என்றார். இரண்டு மாதம் முன்பு சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தபோது கேட்ட அதே குரல்.

இந்தத் தடவையாவது எனக்குப் பதில் எழுது.

அன்புடன்
அண்ணி


என் அன்புத் தம்பிக்கு,

நீ எழுதிய நாலு வரி வந்தது. அழுதுகொண்டே சமைத்தேன், உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. உன் அண்ணன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

பெட்டியை வேண்டுமென்றேதான் விட்டுவந்தேன், அண்ணன் என்றைக்காவது வாய் திறந்து கேட்பார், கேட்டால் பரண்மேல் இருக்கிறது எடுத்துக்கோங்க என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நல்ல ஆளடா நீ. அவர் நீ எடைக்குப் போட்டுவிட்டாய் என்று இங்கே குமைந்துகொண்டிருக்க, நீ அவர் கேட்கட்டும் என்று அங்கே காத்திருந்தாய். உங்கள் இரண்டு பேரையும் பெற்ற வயிற்றைச் சொல்லவேண்டும்.

கடைசி இதழ் உன்னிடம்தான் இருக்கிறது, இன்றுவரை அதைத் திறக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கூரியரில் அனுப்பட்டுமா, இல்லையென்றால் நானே படித்துவிட்டு முடிவை எழுதிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். இரண்டையும் செய்யாதே.

உன் கடிதம் வந்ததையே அவரிடம் சொல்லவில்லை. அலமாரியில் மிச்சம் இருப்பது அவர் மனப்பாடமாகச் சொல்லும் அந்த ஒன்றுதான். அதையும் படிக்காமல் இழுத்தடிக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது என்றேன். கண்ணாடியைக் காணோம் என்றேன். அவர் என் தலையைத் தடவிப் பார்த்து, கண்ணாடி உன் தலைமேலதான் இருக்கு என்கிறார். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை எழுதவேண்டாம் என்று பார்க்கிறேன். மெஷினுக்குத் தவறாமல் வரும்வரை வண்டி ஓடும் என்று மட்டும் வைத்துக்கொள். உன் அண்ணன் வருவது மெஷினுக்காக இல்லை. கதையில் அந்தக் கலங்கரை விளக்கப் படிக்கட்டில் ஏறி வருவது யார் என்று அவருக்குத் தெரியவேண்டும். அதற்காக வருகிறார். தெரிந்துவிட்டால் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நான் அந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறவள், எனக்குத் தெரியாதா?

உன் பாதியின் கூரையைப் பூசியாகிவிட்டது. தரை காய்ந்துவிட்டது. கட்டில் போட்டு விரிப்பு விரித்து வைத்திருக்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. நடுச்சுவரை இடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அதற்கெல்லாம் இப்போது நேரம் இல்லை. வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தால் போதும்.

லீவு கிடைக்காது என்பாய். கேட்டுப் பார், தம்பி. கிடைக்காவிட்டாலும் கேள்.

இதழைக் கசங்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, கைப்பையில் எடுத்து வா. விமானத்தில் திறந்துவிடாதே. முதல் பக்கத்தில் என்ன படம் இருக்கிறது, யார் எப்படி நிற்கிறார்கள் என்று நீதான் அவருக்குச் சொல்லவேண்டும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குடை விரியும் சத்தம் உனக்கு நினைவிருக்கும். நிதானமாகப் படி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

நல்லபடியாக வந்து சேர். வாசற்படியில் உன் காலடிச் சத்தம் கேட்டால் அவருக்குத் தெரியும். யார் வந்திருப்பது என்று நான் சொல்லமாட்டேன்.

வழி பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அண்ணி