என் குளம், உன் மேடை

மார்ச் 4

அன்புள்ள அம்புக்குறி,

வாழ்த்துகள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். நம் சூழலியல் மாநாட்டில் தொடக்கவுரை உனக்காமே! அதுவும் 'நம் துறை வளர்ந்த கதை'!

முதல் மாநாட்டில் நானும்தானடி இருந்தேன். எது எதைத் தின்கிறது என்று பெட்டி போட்டு அம்பு வரைந்தோம். உனக்கு அம்புக்குறி, எனக்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, குளம் சமன்பாடாயிற்று. செயற்கைக்கோள் வந்தது, குளம் பச்சைப் புள்ளியாயிற்று. இப்போது, கரையில் மனிதர்களும் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். இத்தனைக்கும் நடுவே நான் அதே குளத்தில், முழங்கால் சேற்றில், தண்ணீரை மொண்டு அளந்துகொண்டிருந்தேன். எனக்கு இந்தத் தடவையும் மேடை இல்லை, சுவரில் ஒட்டுகிற போஸ்டர்தான், கழிவறைக்குப் போகிற வழியில்.

முட்டிவலி. வரமாட்டேன்.

தவளை

மார்ச் 15

என் தவளையே,

மாநாடு முடிந்த மறுநாள் உன் முட்டி சரியாகிவிடும், தெரியும். ஆனால் நம் மாநாட்டு வழக்கம் மறந்துபோச்சா? தொடக்கவுரை ஆற்றுகிறவர், தன்னை மறுத்துப் பேச ஓர் ஆளைத் தானே பிடித்து மேடையில் உட்காரவைக்க வேண்டும். எல்லாரும் தங்கள் மாணவர்களைத்தான் பிடிப்பார்கள், வலிக்காமல் அடிப்பார்களே என்று. நான் உன்னைச் சொல்லிவிட்டேன். உரை இத்துடன் இருக்கிறது.

உன் அம்புக்குறி

மார்ச் 22

அடியே,

உரை நன்றாகவே இருக்கிறது, பாழாய்ப்போக. ஆனால் உன்னைப் பெரிய ஆளாக்கிய அந்த ஐந்தாவது படம், 'நாறிய குளம் தன்னைத்தானே குணப்படுத்திக்கொண்டது', தப்பு. குளம் தெளிந்த அந்த வருஷம் மேல் ஏரி மதகு உடைந்து புதுத் தண்ணீர் பாய்ந்தது. நான் அளந்த எண்களை மட்டும் வாங்கிக்கொண்டு போனாய். இதைச் சொல்லப் போன் செய்தால், "அப்புறம் பேசலாமே, பேட்டிக்கு வந்திருக்காங்க" என்று வைத்துவிட்டாய்.

மேடைவரை மூச்சுவிடாமல் இருந்து, எல்லார் முன்னாலும் இதைப் போட்டு உடைக்க எவ்வளவு ஆசை தெரியுமா! கண்ணாடி முன் ஒத்திகைகூடப் பார்த்தேன். பிரமாதம், என் வீட்டுக்காரர் கைதட்டினார். நடுவில் உன் முகம் சுருங்குவது தெரிந்தது. ஒத்திகையை அதோடு நிறுத்திவிட்டேன்.

படத்தை எடுத்துவிடு.

தவளை

மார்ச் 30

தவளை,

இரண்டு நாள் உட்கார்ந்து பழைய கணக்கைப் பிரித்தேன். மதகுத் தண்ணீரைச் சேர்த்துக் கணக்குப் போட்டேன். நீ சொல்வதுதான் சரி.

படத்தை எடுக்கமாட்டேன். திரை நிறையக் காட்டுவேன். நீ எழுந்து உடை. யாராவது எழுந்து "அது தப்பும்மா" என்று சொல்லிச் சொல்லித்தானே நம் துறையே வளர்ந்தது? அதை விட்டுவிட்டு என்ன கதை சொல்ல?

அன்று கைதட்டல் முழுக்க உனக்குத்தான் விழும். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

உன் அம்புக்குறி