போன தடவை மாதிரி

மார்ச் 3

வெளிநாட்டு வாடிக்கையாளர் விடாக்கண்டர். இருட்டிலும் ஆளைக் காட்டும் எங்கள் வெப்பக் கேமராவின் மாதிரி ஒன்று வேண்டும் என்று மறுபடியும் கேட்கிறார். ஏற்றுமதி அனுமதி வராமல் அதன் திருகாணிகூட எல்லை தாண்டக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். இப்போதைக்கு கேட்லாக் மட்டும் போகட்டும். பேக்கிங் அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டேன். எந்நேரமும் டேப் சுருளை வளையலாக மாட்டியிருப்பதால் எல்லோருக்கும் அவர் டேப் அண்ணன்.

மார்ச் 6

கூரியர் ரசீது வந்தது. பெட்டி இரண்டு கிலோ. கேட்லாக் எப்படி இரண்டு கிலோ இருக்கும்? கீழே ஓடினேன். அலமாரியில் கேமரா இல்லை.

"நீங்கதானே சொன்னீங்க, போன தடவை மாதிரி அனுப்பிடுங்கன்னு. போன தடவை செஞ்ச மாதிரி அது ஒண்ணுதானே இருந்துச்சு" என்றார் டேப் அண்ணன்.

போன தடவை போல என்ற பொருளில்தான் நான் சொன்னேன். போன தடவை போனது வெறும் கேட்லாக். அவர் மாதிரியையே அனுப்பிவிட்டார், கேமராவின் முழு வரைபடங்களும் இருக்கும் மெமரி கார்டோடு! பெட்டி அந்த நாட்டில் இறங்கிக் கிடங்கில் இருக்கிறதாம். கொடுக்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள் என்று கூரியரில் கெஞ்சியிருக்கிறேன். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான் — கம்பெனி லைசென்ஸே போயிடுமே.

மார்ச் 7

வீட்டில் இவரிடம் சொன்னேன். பெட்டியைக் கட்டுவதற்கு முன் நீ வாயைக் கட்டியிருக்க வேண்டும் என்றார். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 12

பெட்டி திரும்பிவிட்டது. சீல் உடையவில்லை. டேப் அண்ணன் எத்தனை சுற்று சுற்றியிருந்தார் என்றால், பிரிக்க எனக்கே கத்தி தேவைப்பட்டது. கார்டு உள்ளேயே இருந்தது. பாதி உயிர் வந்தது.

"வந்துடுச்சுல்ல, விடுங்க. நாமளே போய் ஏன் மாட்டிக்கணும்?" என்கிறார் மேனேஜர். யாராவது கேட்டால் டேப் அண்ணனைக் கைகாட்டிவிடலாமாம். எல்லை தாண்டியது தாண்டியதுதானே? அண்ணனுக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள்.

மார்ச் 13

ஏற்றுமதி அனுமதி தரும் துறைக்கு நடந்ததை எழுதிவிட்டேன். குழப்பிய சொல் என்னுடையது என்றே எழுதினேன். மேனேஜர் முகம் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 2

பதில் இல்லை. போன் அடித்தால் எடுக்கும் முன் நம்பரை இரண்டு முறை பார்க்கிறேன்.

ஏப்ரல் 9

துறையின் அதிகாரி அம்மா கூப்பிட்டார். "நீங்களா முன்வந்து சொன்னதால எச்சரிக்கையோட முடிச்சுக்கிறோம். இனிமே ஒட்டுறதுக்கு முன்னாடி இன்னொருத்தரும் பெட்டியைப் பார்க்கணும்."

லைசென்ஸ் இருக்கும். யார் வேலையும் போகாது. அப்பாடா! கழிவறையில் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன். டேப் அண்ணன் எனக்கு டீ வாங்கி வந்தார், சர்க்கரை அள்ளிப் போட்டு. அத்தனையும் குடித்தேன். இன்றுதான் ஒழுங்காகப் பசித்தது.

ஏப்ரல் 22

நாளை அந்த வாடிக்கையாளரின் ஆட்கள் இருவர் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். மேனேஜர் தானாகவே என் மேசைக்கு வந்து, வரைபடத்தை அவர்களுக்குத் திரையில் காட்டலாமா என்று கேட்டார். காட்டுவதும் அனுப்புவதும் ஒன்றுதான், கூடாது என்றேன். மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப எதைத்தான் காட்டலாம்? நீங்களே சொல்லுங்க."