மனுவில் நான் எழுதிய பெயர்

சேசு மரி சூசை

ஆலங்குடி,
14-7-1952

அன்பு மகன் மரியசெல்வத்துக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே கள்ளிக்கோட்டை மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழையைக் காணோம், விதைத்த கடலை வாடுகிறது. தங்கச்சியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் ஆவணிக்குத் தள்ளிவிட்டார்கள். அம்மா என்னோடு பேசி ஐந்து நாளாகிறது, சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள். காரணம் நீதான், நானும்தான். இதைக் கடைசிவரை படி, பாதியில் கிழித்துப் போடாதே.

போன புதன்கிழமை தாலுகா கச்சேரி வாசலில் வழக்கம்போல மனு எழுத உட்கார்ந்திருந்தேன். முனியாயி என்று ஒரு கூலிக்காரப் பெண் இடுப்பில் நாலு வயதுப் பெண்பிள்ளையோடு வந்தாள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரு மேல மனுப் போடணும்ங்க, மகாராசாவுக்கு எழுதுங்க என்றாள். அடப் போம்மா, சமஸ்தானம் போயி நாலு வருசமாச்சு, இனிமே எல்லாம் திருச்சி ஜில்லா மெடிக்கல் ஆபீசருக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தேன். சித்திரைக் கடைசியில் பிள்ளைக்குக் கக்குவான் இருமல் என்று சீசாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய சீசாவில் வெட்டு வெட்டாக நறுக்கிக் காகிதம் ஒட்டுவார்களே, அதை ஒட்டாமல் மருந்தை ஊற்றிக் கொடுத்திருக்கிறார் கம்பவுண்டர். எம்புட்டுங்க குடுக்கணும் என்று கேட்டாளாம். சீட்டுல எழுதியிருக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு, நகரு கழுத என்று எல்லார் முன்னாலும் விரட்டி, மறுபடி கேட்டதற்குத் தோளைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். எழுத்தே தெரியாதவள் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? சீக்கிரம் குணமாகட்டும் என்று பாதிச் சீசாவை ஒரே தடவையில் புகட்டிவிட்டாள். பிள்ளை ஒன்றரை நாள் கண் திறக்கவில்லை. புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மூன்று வாரம் கிடந்து, பிழைத்ததே பெரிய காரியம். திரும்பி வந்து இங்கே டாக்டரிடம் சொன்னதற்கு, அந்தக் கம்பவுண்டர்தான் மாத்தலாகிப் போயாச்சே, போ போ என்றாராம். கம்பவுண்டர் பேர் என்ன என்று கேட்டேன். தெரியாதுங்க, சுருட்டை முடிக்காரருங்க என்று சொல்லிச் சுருக்குப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். அடப்பாவி, அந்த எழுத்தை நான் எத்தனை கடுதாசியில் பார்த்திருக்கிறேன்! உன் எழுத்து.

உன்னிடம் மறைப்பானேன், முதலில் பேரில்லாமலேயே எழுதிவிடலாம் என்றுதான் புத்தி போனது. பேரும் தேதியும் சீட்டு நம்பரும் இல்லாத மனுவை மேலே ஒருவரும் தொடமாட்டார்கள், இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருப்பவனே நான்தான். உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, இதிலேயே போனாலும் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கீழே உட்கார்ந்து என் மைக்கூட்டு மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அவன் என் மகன்தாம்மா என்று சொல்லிவிட்டேன். முனியாயி சட்டென்று எழுந்து, வேணாம்ங்கய்யா, நான் அங்கிட்டு வேற ஆளுகிட்ட எழுதிக்கிறேன், தப்பா நெனச்சுக்காதீங்க என்று கும்பிட்டாள். சாகக் கிடந்த பிள்ளையின் தாய் என்னைக் கும்பிடுகிறாளே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உட்காரச் சொல்லி எழுதினேன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கி, அன்று அதைக் கண்ணால் பார்த்த ஆஸ்பத்திரி ஆயா பிரகதாம்பாளின் சம்மதத்தோடு அவளைச் சாட்சியாகப் போட்டு, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி, ரசீதை முனியாயி கையிலேயே கொடுத்துவிட்டேன். ஊர்ல வேற ஆளே இல்லையா, பெத்த புள்ள சோத்துல மண்ணள்ளிப் போட ஒங்களுக்குத்தான் கை வந்துச்சா என்று அம்மா கேட்டாள்.

சீக்கிரம் உன்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வரும். அவள் பொய் சொல்கிறாள், அப்படி ஒருத்தி வரவேயில்லை என்று எழுதச் சொல்லிக் கூட இருப்பவர்கள் ஏற்றிவிடுவார்கள். எழுதாதே. நடந்ததை எழுது. அவள் சொன்னதில் ஏதாவது நடக்கவில்லை என்றால் அதையும் எழுது, எனக்கும் எழுது, உன் வாயால் இன்னும் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அங்கே மலையாளத்துச் சனங்கள் புரியாமல் இரண்டு தடவை கேட்டால் மூன்று தடவை சொல்லு, உன் வாய் என்ன தேய்ந்தா போகும்?

இங்கிருந்தபடியே உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே, அம்மாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது. இன்னும் ஒன்று. கைநாட்டு மனு என்றால் எழுதிக் கொடுத்தவனும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டிருக்கிறேன். உன் பேரை இனிஷியலோடு சூ. மரியசெல்வம் என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சூ யார் என்று திருச்சியில் யாரும் தேட வேண்டியதில்லை. விசாரணைக்கு நீ வருகிற அன்று நானும் வருவேன். முனியாயி பக்கத்தில்தான் நிற்பேன். முடிந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

உன் அப்பா
சூசைராஜ்