உன் இன்ஜின் தண்ணீர் மட்டும் சில்லென்று இருந்தது

இன்று பாலவனத்தத்தில் ஒரு ஆள் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் சத்தம் போட்டார். அந்த ஆள் கேனைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு சிரித்தார். மூடி சரியில்லை, அருப்புக்கோட்டை வரும்வரை அந்த வாடைதான். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, அண்ணே. நீ செத்துப் பத்து மாதம் ஆகிறது. இன்னும் உன்மேல் இவ்வளவு கோபம் வருகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் 'நீ'தான். திருப்பி அதட்ட நீ இல்லை, அந்தத் தைரியம் என்றே வைத்துக்கொள்.

எண்பதுகளின் கடைசியில் மழை ஏமாற்றிய வருடம். திருச்சுழிப் பக்கம் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தது. நம் கிணற்றில் மூன்று பங்கு: உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. ஆளுக்கொரு ஐந்து குதிரைசக்தி டீசல் இன்ஜின், ஆளுக்கொரு நாள் முறை. தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து மேலே தள்ள ஒரு இன்ஜினுக்குத் தெம்பில்லை. நான் இரண்டு ஏக்கரில் மிளகாய் போட்டிருந்தேன். அது தேறினால் ஊரில் இருப்பேன். தேறாவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு அருப்புக்கோட்டைக்குத் தறி ஓட்டப் போக வேண்டும். அது உனக்கு நன்றாகத் தெரியும்.

யோசனை உன்னுடையதுதான், அதை மறுக்கமாட்டேன். ஏதோ ஒரு பஞ்சு மில்லில் ஒரே சாப்டு, ஒரு நீள இரும்புத் தண்டு, சுற்றி ஏழெட்டு மிசினை ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தாய்.

"ஏலே, ஒண்ணு பலதை ஓட்டுதுல்ல? அதைத் திருப்பிப் போடுவோம். நம்ம மூணு இன்ஜினும் சேந்து ஒரு சாப்டைச் சுத்தட்டும். பதினஞ்சு குதிரைலே!" என்றாய்.

கிணற்றுமேட்டில் மூன்று இன்ஜினையும் வரிசையாக உட்கார வைத்தோம். மூன்று பெல்ட்டையும் ஒரே சாப்டில் மாட்டினோம். அதிலிருந்து ஒரு நீளமான பெல்ட்டு கிணற்றுக்குள் இறங்கி, கீழே புதிதாக இறக்கிய பெரிய பம்பைச் சுழற்றியது. யார் முறையானாலும் மூன்று இன்ஜினும் ஓட வேண்டும், அவரவர் இன்ஜினுக்கு அவரவர் டீசல் என்று பேச்சு. டவுனிலிருந்து வந்த மிஸ்திரி மூன்றையும் ஒரே வேகத்துக்குத் திருகி வைத்து, வேகத் திருகாணியில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டார்.

"இதை யாரும் தொடக் கூடாது. ஒருத்தர் குறைச்சாலும் அவுக இன்ஜினு இழுக்காது. பெல்ட்டு சுத்துறதால ஓடுற மாதிரிதான் தெரியும். மத்த ரெண்டும் பம்பையும் இழுக்கணும், அதையும் சேத்து இழுக்கணும்" என்றார்.

முதல் நாள் வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வந்தபோது உன்னைக் கட்டிப்பிடித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

போகப் போக என் முறையில் மட்டும் தண்ணீர் கடைசிப் பாத்திவரை எட்டவில்லை. என் இன்ஜின் கறுப்பாகப் புகைந்தது. உன்னுடையதில் புகையே இல்லை. "பாரு, என் இன்ஜினை நான் வச்சிருக்கிற லட்சணத்தை. உன்னது கிழடுலே, ரிங்கை மாத்து" என்றாய். மாற்றினேன். மடையன் நான், உன் இன்ஜினைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்!

ஒருநாள், என் முறைதான், குளிக்க வந்தேன். இன்ஜினைக் குளிரவைத்துவிட்டு வெளியே விழும் தண்ணீர் வெந்நீராக இருக்கும், நாம் எல்லாரும் அதில்தான் குளிப்போம். என் குழாயில் கை வைத்தேன், சுட்டது. சித்தப்பா குழாயிலும் சுட்டது. உன் குழாயில் வைத்தேன். சில்லென்று, கிணற்றுத் தண்ணீர் மாதிரியே இருந்தது. குனிந்து பார்த்தால் சிவப்புக் கோடு வேகத்தைக் குறைக்கும் பக்கம் இரண்டு விரற்கடை விலகியிருக்கிறது.

"அண்ணே, இது என்ன? உங்க இன்ஜினு ஏன் சூடாகல?"

நீ பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை. "உன் முறைக்கு என் டீசலை எதுக்குலே எரிக்கணும்?"

"உங்க முறைக்கு நான் எரிச்சேனே?"

"எரிக்கச் சொன்னது யாரு?"

சித்தப்பா பக்கத்தில்தான் நின்றார். "மூத்தவன்கிட்ட மல்லுக்கு நிக்காதப்பா" என்று என்னைத்தான் அடக்கினார். அவர் இன்ஜினும் சேர்ந்துதானே உன்னை இழுத்துக்கொண்டிருந்தது? மனுசனுக்கு ரோசம் வரவில்லை.

மறுநாள் உன் முறை. ஸ்பேனரும் கையுமாக என் இன்ஜின் முன்னால் நின்றேன். நானும் திருகியிருக்கலாம். திருகினால் சித்தப்பா இன்ஜின் தலையில் கூடுதல் பாரம் விழும் என்று யோசித்தேன். யோசித்துத் தொலைத்தேன். பெல்ட்டைக் கழற்றி, இன்ஜினை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். கிணற்றுத் தண்ணீர் இன்னும் கீழே போனது, மிச்சமிருந்த இரண்டு இன்ஜினால் அதை மேலே தள்ள முடியவில்லை. என் மிளகாய் பூவோடு உதிர்ந்தது. உன்னுடையதும் காய்ந்தது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு தறிக்குப் போனேன்.

அதோடு விட்டாயா? "கூட்டை உடைச்ச பய" என்று ஊருக்கெல்லாம் சொன்னாய். பத்து வருடம் எனக்கு அதுதான் பேர். நரிக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில், என் பிள்ளைகளை வைத்துக்கொண்டே உன் மச்சினன் அதைச் சொல்லிச் சிரித்தான். நீ பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "இல்லப்பா, தப்பு என்னோடது" என்று சொல்ல உனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? குனிந்து ரசம் கேட்டாய். நிலம் போனதைக்கூட விட்டுவிடுவேன். அந்த ரசத்தை மன்னிக்க மாட்டேன்.

நீ இறந்த செய்தி வந்தபோது வரமாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு கால் தானாகப் பஸ் ஏறியது. பாடையின் முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். எனக்குப் பின்னால் உன் மச்சினன். ஓடையைத் தாண்டியதும் அவன் தோளை மெல்லத் தாழ்த்தினான். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. பாரம் என் பக்கம் சாய்ந்தது. நீ கனம்தான், அண்ணே.

சுடுகாடுவரை நான் தாழ்த்தவில்லை. தம்பிக்கு எவ்வளவு பாசம் என்று ஊர் பேசியதாம். பாசமும் இல்லை, மண்ணும் இல்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கும்போது ஒருத்தன் தாழ்த்தக் கூடாது, அவ்வளவுதான். உன்னை இறக்கி வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அதையும் கோபம் என்றே வைத்துக்கொள்.