பதினேழாம் நம்பர் குழாய்

மார்ச் 4

அன்புள்ள மனைவிக்கு,

விவாகரத்து இன்னும் முடியாததால் இப்படியே அழைக்கிறேன்.

ஃப்ரீசர் நின்றுபோய் பதினேழாம் நம்பர் பாக்டீரியா மொத்தமும் செத்துவிட்டது. சனிக்கிழமை மின்சாரம் போனது. செவ்வாய்க்கிழமைதான் ஆய்வுக்கூடத்தைத் திறந்தோம். ஜெனரேட்டரைச் சரிபார்க்கச் சொன்னாய், தள்ளிப்போட்டேன். "இன்னொரு இடத்துலயும் கொஞ்சம் வைங்க" என்றாய், வாடகை தண்டம் என்றேன். தப்பு என்னுடையது. ஐம்பது குழாயையும் வளர்ப்புத் தட்டில் தடவிப் பார்த்தார்கள். ஒன்றுகூட வளரவில்லை.

பெண்ணுறுப்பில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா புளிப்பைச் சுரந்து கெட்ட கிருமியை அண்டவிடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவளே நீதான். முப்பது பெண்களின் மாதிரியில், தட்டிலிருந்த கிருமியைத் துடைத்து எடுத்தாற்போல் வளையம் போட்டது பதினேழு மட்டும்தான். ஆள் குறைந்தபோது நீ கொடுத்த உன் சொந்த மாதிரி. அதை மாத்திரையாக்கி விற்கத்தான் இத்தனை பாடும். பதினைந்து வருஷம் வீடு வீடாகச் சோப்பு விற்றுச் சேர்த்ததெல்லாம் இதில் கிடக்கிறது. வாங்குகிற கம்பெனி அடுத்த மாதம் சோதிக்க வருகிறது.

ஒருநாள் வந்து மறுபடி மாதிரி கொடு. கால்மணி நேர வேலை. வாலு நன்றாகப் படிக்கிறாள்.

உன் கணவன்

மார்ச் 11

வாலுவின் அப்பாவுக்கு,

நான் வந்து பிரயோசனமில்லை. என்னிடம் அது இப்போது இல்லை. நீங்கள் வெளியே போய்ப் பிடித்துவந்து எனக்குக் கொடுத்த நோய்க்கு டாக்டர் இரண்டு தவணை மருந்து கொடுத்தார். கெட்டதோடு நல்லதும் போயிற்று. சோதித்துப் பார்த்துவிட்டேன்.

அந்த மருந்துச் சீட்டைத்தான் நீதிபதியிடம் நீட்டி, "எங்க வாங்குன வியாதின்னு அவளையே கேளுங்க" என்றீர்கள். அவரும் நம்பிவிட்டார். மகள் உங்களோடு போனாள்.

வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, ஃப்ரீசர் வேண்டாதபடி நான் உலர்த்தி மூடிய பதினேழாம் நம்பர் குழாய் இரண்டை எடுத்துவந்தேன். திருட்டு என்பீர்கள். என் உடம்பில் இருந்தது, எடுத்துக்கொண்டேன். போன வாரம் ஒன்றை உடைத்து வளர்த்துப் பார்த்தேன். உயிர் இருக்கிறது. இன்னொன்று மிச்சம்.

வருஷத்தில் ஆறு மாதம் வாலு என்னிடம் இருக்க வேண்டும். நோய் உங்களிடமிருந்துதான் வந்தது என்று கைப்பட எழுதித் தர வேண்டும். குழாய் கிடைக்கும்.

அவளுடைய அம்மா

மார்ச் 15

கெட்டிக்காரிக்கு,

உன் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்.

எழுதித் தர முடியாது. பெண்களுக்கு மாத்திரை விற்கப்போகிறவன் பெண்டாட்டிக்கே வியாதி கொடுத்தான் என்று ஒரு காகிதம் வெளியே உலவினால், ஒருத்தியும் டப்பாவைத் தொடமாட்டாள். அதற்குப் பதில் வாலுவை முழுசாகவே வைத்துக்கொள். பன்னிரண்டு மாதமும். கோர்ட்டில் நானே கையெழுத்துப் போடுகிறேன். நீ வாயை மட்டும் திறக்காதே. வாலுவிடமும்தான்.

பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லக் கூடாது, அதனால் இதையும் எழுதுகிறேன். உன்னிடம் அனுப்பப்போகிறேன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். "அம்மா தொட்டா எனக்கும் ஒட்டிக்குமாப்பா? தனித் தட்டு குடுப்பாங்களா?" என்று கேட்டாள். உன் வியாதி தொட்டால் ஒட்டும் என்று நான் சொல்லிவைத்ததுதான். அதை இனித் திருத்தப் போவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் என்ன தப்பு பண்ணேன், என்னை ஏன் அனுப்புறீங்க?" என்றாள்.

"வியாபாரம்டா கண்ணு, உனக்குப் புரியாது" என்றேன்.

பதில் சீக்கிரம் வரட்டும்.

மார்ச் 22

வாலுவின் அப்பாவுக்கு,

பேரம் பேசுவீர்கள், ஆறு மாதத்தை நாலாக்குவீர்கள் என்று நினைத்திருந்தேன். கேட்டதற்கு மேல் கொடுப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

தனித் தட்டு வாங்கிவிட்டேன். பயமில்லாமல் சாப்பிடட்டும்.

ஞாயிறு காலை பத்து மணி, பேருந்து நிலையம். கோர்ட்டுக் காகிதத்தையும் அவளையும் கொண்டுவாருங்கள். குழாய் உங்களுக்கு, பிள்ளை எனக்கு. என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அப்படியே இருக்கும். சம்மதம்.